நிலம் கைவிட்டுப் போகாமல் கடனுக்கு ஒரு வழி

கடனில் சிக்கிய உழவர் நிலத்தை இழக்காமல் நீதிமன்றத்தின் வழியே கடனை மறுசீரமைக்க உதவும் அமெரிக்கத் திவால் சட்டத்தின் 12ஆம் அத்தியாயம், வாங்கிய கடனைக் கட்டாமல் தப்பிக்க உழவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சலுகை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிக் கடன் கொடுத்தவரும், அதே நம்பிக்கையில் கடன் வாங்கியவரும், விலை சரிந்தபோது நட்டத்தையும் சேர்ந்தே சுமக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி.

1970களில் தானிய ஏற்றுமதி பெருகியதால் நில விலை ஏற, வங்கிகள் அந்த விலையை நம்பியே கடன் கொடுத்தன. 1979க்குப் பிறகு வட்டி விகிதம் கடுமையாக உயர்ந்தது. ஏற்றுமதியும் விளைபொருள் விலையும் விழுந்தன. அயோவா மாநிலத்தில் 1981க்கும் 1987க்கும் இடையே நில மதிப்பு 60 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. மஞ்சள் கடிதாசி கொடுக்கவும் கடனில் மூழ்கிய உழவர் குடும்பங்களுக்குச் சரியான வழி இருக்கவில்லை. மாதச் சம்பளக்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட 13ஆம் அத்தியாயத்தின் கடன் வரம்புக்குள் ஒரு பண்ணையின் கடன் அடங்கவில்லை. பெரிய நிறுவனங்கள் நாடும் 11ஆம் அத்தியாயத்திலோ, கடனைத் திருப்பிக் கட்டும் திட்டத்தைக் கடன் கொடுத்தவர்கள் வாக்களித்தே முடக்கிவிட முடிந்தது.

1986இல் வந்த 12ஆம் அத்தியாயத்தில் அந்த வாக்குரிமை இல்லை, முடிவு நீதிபதியுடையது. மனுப் போட்ட உடனே ஏலமும் ஜப்தியும் நிற்கும். 90 நாட்களுக்குள் உழவர் தம் திட்டத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பத்து லட்சம் டாலர் அடமானக் கடன் உள்ள நிலம் இன்று ஆறு லட்சம்தான் பெறும் என்றால், அந்த ஆறு லட்சத்தை உரிய வட்டியோடு நீண்ட தவணைகளில் கட்டியாக வேண்டும். மீதி நான்கு லட்சம், எந்தச் சொத்தும் ஈடாக இல்லாத கடனாகிவிடும். குடும்பச் செலவும் சாகுபடிச் செலவும் போக எஞ்சும் வருமானத்திலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் அதற்குச் செலுத்த வேண்டும். நிலத்தை ஏலத்தில் விற்றாலும் வங்கிக்கு அந்த ஆறு லட்சத்துக்கு மேல் கிடைக்கப் போவதில்லை என்னும்போது, இதில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள்?

இவ்வளவு தேவையான சட்டத்தைத் தற்காலிகமாகவே இயற்றி, காலாவதியாகவிட்டு, மீண்டும் மீண்டும் நீட்டித்து, 2005இல்தான் நிரந்தரமாக்கினார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். கடனை அடைக்க நிலத்தின் ஒரு பகுதியை விற்றால் அதன்மேல் விழும் வரியை முழுதாகக் கட்டியே தீர வேண்டும் என்ற நிலையை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய, பல மறுசீரமைப்புத் திட்டங்களுக்கு அது முட்டுக்கட்டையாயிற்று. 2017இல்தான் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது.

‘குடும்ப உழவர்’ என்ற பெயரில் இச்சட்டத்தை நாடுபவருக்கு இருக்கக்கூடிய கடனின் வரம்பை 2019இல் ஒரு கோடி டாலராக உயர்த்தியபோது, இவ்வளவு கடன் உள்ளவர் எப்படிக் குடும்ப உழவர் ஆவார் என்ற கேள்வி எழுந்தது. ஒரு பெரிய அறுவடை இயந்திரத்தின் விலை மட்டுமே ஐந்து லட்சம் டாலரைத் தாண்டும் நாட்டில், வரம்பைக் குறுக்குவது இச்சட்டத்தை ஏட்டளவில் நிறுத்திவிடும். கடனில் பாதியாவது பண்ணைத் தொழிலால் வந்திருக்க வேண்டும், வருமானத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்தே கிடைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள், வேறு தொழிலில் சம்பாதித்துக்கொண்டு பெயருக்கு நிலம் வைத்திருப்பவர்களை ஏற்கெனவே வெளியே நிறுத்திவிடுகின்றன.