20 பை-இன் எப்படிப் போதும்?

போக்கர் டோர்னமென்ட் ஆடுபவருக்குக் கையிருப்பாக 20 பை-இன், அதாவது 20 டோர்னமென்டுகளுக்கான நுழைவுக் கட்டணம், போதும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து அதை மாற்றுங்கள். என்னிடம் 400 டாலர் இருந்தபோது 20 டாலர் டோர்னமென்டுகள்தான் ஆடினேன், மூன்றே வாரத்தில் எல்லாம் காலி, இத்தனைக்கும் நான்கு முறை பரிசு வரம்புக்குள் வந்தேன், ஆனால் அங்கே கிடைப்பது போட்ட காசைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பரிசுப் பணத்தில் பெரும்பகுதி கடைசி மேசை வரை தாக்குப்பிடிக்கும் சிலருக்கே போய்விடுகிறது, அப்புறம் நன்றாக ஆடுபவர்கூட மாதக்கணக்கில் அங்கே எட்டாமல் இருப்பது சகஜம். போக்கர் சாம்பியன் கிறிஸ் ஃபெர்குசன் பூஜ்யத்தில் தொடங்கி 10,000 டாலர் சேர்த்தபோது, ஒரு டோர்னமென்டுக்குக் கையிருப்பில் 2 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை என்று விதி வைத்திருந்தார், அதுவே 50 பை-இன். ஆயிரம் பேர் ஆடும் டோர்னமென்ட் என்றால் நான் 100 பை-இன் வைத்துக்கொள்கிறேன், வீட்டு வாடகைப் பணம் அந்தக் கணக்கிலேயே வராது.