வித்த அன்னிக்கு கையில என்ன கொடுத்தாங்க, அதைச் சொல்லுங்க

ஞாயித்துக்கிழமை ஒரு கேமிங் யூடியூபர், 2021-ல வந்த பேட்டில்ஃபீல்டு 2042-ங்கிற போர் கேமைப் பத்திப் போட்ட லைவ்ல நடந்ததைப் பெரும்பாலும் எல்லாரும் பாத்திருப்பீங்க. அன்னிக்கு ராத்திரியே ஸ்கிரீன்ஷாட்டா வந்து குவிஞ்சிருச்சு. "உன்னைத்தானே சொல்றாரு?"ன்னு கேட்டவங்களுக்கு: ஆமா, என்னைத்தான். பேரைச் சொல்லலை. ஆனா என் கமெண்டை வரிவரியா வாசிச்சுட்டு, "ஆத்தங்குடியில உக்காந்து கல்லு அடுக்குறவனுக்கு இந்த கேமோட அருமை எங்க தெரியப்போகுது"ன்னு சொன்னாரே, அந்த ஆத்தங்குடிக்காரன் நான்தான். காரைக்குடிப் பக்கம், தரையில பதிக்கிற பூப்போட்ட கல்லுக்குப் பேர்போன ஊர். எங்க அப்பா அந்தக் கல்லு செய்ற பட்டறை வச்சிருக்கார். மூணு நாளா எழுதறதும் அழிக்கிறதுமா இருந்தேன். இன்னிக்கு எழுதி முடிச்சே ஆகணும்.

நான் கமெண்டுல கேட்டது ஒரே கேள்வி. 2025 அக்டோபர்ல அதுக்கு அடுத்த பாகம் பேட்டில்ஃபீல்டு 6 வந்ததுலேருந்து, "2042 அப்படியொண்ணும் மோசமில்ல, நாமதான் அவசரப்பட்டுத் திட்டிட்டோம், இன்னிக்குப் போட்டுப் பாருங்க அருமையா இருக்கு"ன்னு ஒரு பேச்சு ஓடுது. அவரும் அதையேதான் ஒரு மணி நேரம் பேசினார். நான் கேட்டேன்: இன்னிக்கு எப்படி இருக்குங்கிறது சரி, வித்த அன்னிக்கு கையில என்ன கொடுத்தாங்க? அதுக்குப் பதில் வரலை. என் ஊருக்குத்தான் பதில் வந்துச்சு.

2021 ஜூன்ல வந்த முதல் டிரைலர் ஞாபகம் இருக்கா? போர் விமானத்துல பறக்கிறவன் நடுவானத்துல வெளிய குதிச்சு, பின்னால துரத்தி வர்றவனை ராக்கெட்டால அடிச்சுட்டு, மறுபடி தன் விமானத்துக்குள்ளயே போய் உக்காருவான். பழைய பாகங்கள்ல ஆட்டக்காரங்க தாங்களா கண்டுபிடிச்ச வித்தை அது. "உங்களை நாங்க கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்"னு கம்பெனியே சொன்ன மாதிரி இருந்துச்சு. நான் அதை இருபது தடவைக்கு மேல பாத்திருப்பேன். அதுவரைக்கும் 64 பேர் ஆடின இடத்துல இனிமே 128 பேர். அலை அலையா வர்ற சூறாவளி. ஏழு புது மேப், அதாவது சண்டைக்களம். பேட்டில்ஃபீல்டு 1942, பேட் கம்பெனி 2, பேட்டில்ஃபீல்டு 3 மூணையும் கலந்து நாமளே ஆட்டம் அமைச்சுக்கற போர்ட்டல். ஆசைப்பட்டுச் செஞ்சாங்கங்கிறதை நான் மறுக்கவே இல்ல. இவ்வளவு பெரிசா நினைச்சதுக்கே ஒரு மரியாதை உண்டு.

அந்த ஏழு மேப்புல ரெண்டு எங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருந்துச்சு. எங்களுக்குன்னா எனக்கும் எங்க அண்ணனுக்கும். பெரியப்பா மகன். சிங்கப்பூர்ல கன்டெய்னர் ஏத்தி இறக்கற வேலையில இருக்கார். ஒரு மேப் சிங்கப்பூர்ல பிராணித் தீவுத் துறைமுகம், முழுக்க கன்டெய்னர் அடுக்கு. இன்னொண்ணு நம்ம குஜராத் அலாங் கடற்கரை, பழைய கப்பல்களைப் பிரிச்சுப் போடற இடம். 2020-ல பூட்டின பூட்டுல அண்ணனால ஊருக்கே வர முடியலை. பெரியப்பாவோட அறுபதாம் கல்யாணத்தைக்கூட போன்லதான் பாத்தார். மாலை மாத்தறப்ப இங்க நெட் நின்னுபோச்சு, அதையும் பாக்கலை. "கேம் வரட்டும்டா, ஒருநாள் சிங்கப்பூர்ல சண்டை, ஒருநாள் இந்தியாவுல சண்டை, ரெண்டு ஊருலயும் சேந்தே இருப்போம்"னு அவர்தான் சொன்னார். கிராபிக்ஸ் கார்டு யானை விலை வித்த வருஷம் அது. செக்காலை ரோட்டுல நான் வேலை பாக்கற கடையில மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கச் சொல்லி ஒரு கார்டு வாங்கினேன்.

2021 நவம்பர் 19. முதல்ல அக்டோபர்னாங்க, அப்புறம் ஒரு மாசம் தள்ளி வச்சாங்க. எங்க வீட்டுல அது திருக்கார்த்திகை. அம்மா முகப்புல விளக்கு ஏத்திக்கிட்டு இருந்தாங்க. அந்த மாசம் பூரா மழை. கல்லு காயாம அப்பா பட்டறையை நிறுத்தி வச்சிருந்தார். நான் உள்ள உக்காந்து அண்ணன் லைன்ல வர்றதுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்.

வந்தார். சேந்தோம். கேமுக்குள்ள பேச முடியலை. நல்லா கவனிங்க: 128 பேர் ஒண்ணா நின்னு சண்டை போடற ஆட்டத்துல, பக்கத்துல நிக்கிறவன்கிட்ட "இந்தப் பக்கம் வா"ன்னு சொல்ற வாய்ஸ் சாட் வித்த அன்னிக்கு இல்ல. அது வந்தது 2022 ஏப்ரல்ல. அஞ்சு மாசம் கழிச்சு! யார் எத்தனை பேரை வீழ்த்தினாங்க, எத்தனை தடவை விழுந்தாங்கன்னு காட்டற வழக்கமான ஸ்கோர்போர்டும் இல்ல, அதுவும் 2022 மார்ச்லதான். தனியா ஆடற கதைப் பகுதி இல்லவே இல்ல. அசால்ட், இன்ஜினியர், சப்போர்ட், ரீகான்னு இத்தனை வருஷமா இந்த ஆட்டத்துக்கு முதுகெலும்பா இருந்த நாலு வீரர் வகுப்பையும் எடுத்துட்டு, பேரும் முகமும் வச்ச பத்து ஸ்பெஷலிஸ்ட்டைக் கொடுத்தாங்க. அதுல நவீன் ராவ்னு ஒரு இந்தியர்கூட இருந்தார். ஆனா களத்துல எதிர்ல வர்றவனும் அதே முகம், நம்மாளும் அதே முகம். யாரைச் சுடறதுன்னே குழப்பம். வகுப்பெல்லாம் திரும்ப வந்தது 2023-ல.

மேப்புகளும் அப்படித்தான். 128 பேருக்காகப் பெரிசாக்கினாங்க, சரி. நடந்தா நடந்துக்கிட்டே இருக்கணும். ஒதுங்க ஒரு செவுரு இல்ல, ஒரு மேடு இல்ல. பின்னாடி அவங்களே ஒவ்வொரு மேப்பா எடுத்துத் திருத்தி மறைவிடம் வச்சாங்க. பிரேக்த்ரூங்கிற ஆட்ட வகையில 128 சரிப்படலைன்னு 2022 மே மாசம் அவங்களே 64-க்குத் திரும்பிட்டாங்க. எதைச் சொல்லி வித்தாங்களோ அதையே எடுத்துட்டாங்க. இதை நான் சொன்னா "ஹேட்டர்". அவங்க செஞ்சா "அப்டேட்".

நல்லதையும் சொல்றேன், சொல்லாம விட்டா அது நியாயமில்ல. அலாங் மேப் எனக்குப் பிடிச்சது. சேத்துல பாதி பிரிச்ச கப்பல் எலும்பும் தோலுமா நிக்கும். முதல் தடவை அதுக்குள்ள நுழைஞ்சப்ப சுடாம நின்னு பாத்தேன். எங்க ஊர்க்காரங்களுக்கு அது பழகின காட்சி. இங்க பழைய செட்டியார் வீட்டைப் பிரிப்பாங்க. பர்மா தேக்குத் தூணு, கதவு, நிலை, பல்லாங்குழி, ஊறுகா ஜாடி எல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வந்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல விலைக்கு நிக்கும். கப்பல்ல வந்த மரம் லாரியில போகும். அந்த மேப்பைச் செஞ்ச யாரோ ஒருத்தர் மனசு வச்சுச் செஞ்சிருக்கார். அவருக்கு என் வணக்கம். அவர் செஞ்சதை அரைவேக்காடா வெளிய தள்ளினவங்க மேலதான் என் கோபம்.

இப்ப கேப்பீங்க, "கொரோனா காலம், எல்லாரும் வீட்டுலேருந்து வேலை பாத்தாங்க, உனக்கு இரக்கமே இல்லையா?" அது நியாயம்தான். அதனாலதான் சொல்றேன், ஒரு மாசம் தள்ளினதுக்கு ஒரு வருஷம் தள்ளியிருக்கலாம். யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டோம். "யாரு உன்னை முதல் நாளே வாங்கச் சொன்னா?"ன்னு கேக்கறவங்களுக்கு: டிரைலர் போட்டவங்க சொன்னாங்க. முன்பதிவு செய்யச் சொல்லிக் கூவினவங்க சொன்னாங்க. அந்த வருஷம் இதே யூடியூபர்தான் "மொத நாளே வாங்கிருங்க"ன்னார், வீடியோ இன்னும் அவர் சேனல்ல இருக்கு. "பேட்டில்ஃபீல்டு 4-ம் 2013-ல கோளாறோடதானே வந்துச்சு?" வந்துச்சு, நானும் ஆடினேன். கோளாறு வேற, இல்லாம இருக்கறது வேற. பந்தியில ரசத்துல உப்பு குறைஞ்சா சொல்லிக்கலாம். இலையில சோறே வைக்காம "அடுத்த முகூர்த்தத்துக்கு வாங்க"ன்னா?

ஒருத்தர் மட்டும் என்னை யோசிக்க வச்சார். அவர் கமெண்டு: "உங்க ஆத்தங்குடிக் கல்லே நடக்க நடக்கத்தானே பளபளக்குது? கேமும் அப்படித்தான்." இதுக்கு மத்ததைவிட நீளமா பதில் சொல்லணும், ஏன்னா இது எங்க வீட்டு விஷயம்.

ஆமா, கால் படப் பட மினுங்கும். ஆனா அந்தக் கல்லை எப்படிச் செய்றோம்னு தெரியுமா? கண்ணாடி மேல அச்சு வச்சு, கலர் கலந்த சிமெண்டைக் கட்டம் கட்டமா ஊத்தி, அச்சைத் தூக்கி, மேல மணலும் சிமெண்டும் தூவி, அதுக்கு மேல கலவை போட்டு அமுக்கி, காய வச்சு, தொட்டித் தண்ணியில நாள்கணக்குல ஊறப் போடணும். அப்புறம் மறுபடி காயணும். ஊறாத கல்லு பாக்க நல்லாத்தான் இருக்கும். பூவும் தெளிவா இருக்கும். போட்டோ எடுத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. கால் வச்சாத்தான் தெரியும். எங்க அப்பா ஒரே ஒரு தடவை அப்படிக் கொடுத்தார். நாச்சியாபுரம் பக்கம் ஒரு வீடு, பால் காய்ச்ச நாள் குறிச்சுட்டாங்க, தேதி தேதின்னு வாசல்ல வந்து நின்னாங்க. ஊறறதுக்கு முன்னாடியே எடுத்துக் கொடுத்தார். ரெண்டே மாசத்துல ஓரமெல்லாம் உதிர ஆரம்பிச்சிருச்சு. எங்களையெல்லாம் கூட்டிக்கிட்டுப் போய் அத்தனை கல்லையும் பேத்து, புதுசா செஞ்சு, தன் செலவுல பதிச்சுக் கொடுத்தார். எனக்குப் பன்னண்டு வயசு. சாக்குல கல்லுத் துண்டு அள்ளினது என் வேலை. திரும்பி வர்ற வழியில அப்பா ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்கு வந்து சாப்பிடவும் இல்ல. அதுக்கப்புறம் எவ்வளவு பெரிய வீட்டுக்காரர் வந்து நின்னாலும், "ஊறலைங்கய்யா, தரமாட்டேன்"தான்.

மினுக்கம் பின்னாடி வரும். கல்லு முதல் நாளே கல்லா இருக்கணும்.

"கல்லு அடுக்கறவனுக்கு என்ன தெரியும்"னு கேட்டீங்களே, இது தெரியும். நீங்க லைவ் போடற ரூம்ல பின்னாடி தெரியுதே பூப்போட்ட தரை, வாங்கினப்ப பெருமையா ஒரு வீடியோ போட்டீங்க, அது எங்க ஊர்க் கல்லு. எங்க அப்பா ஊத்தினதா இல்ல பக்கத்துப் பட்டறையா, தெரியாது. ஆனா யாரோ குனிஞ்சு உக்காந்து கையால ஊத்தினது. அதுமேல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டுத்தான் அதைச் சொன்னீங்க. எங்க அப்பாவும் ஞாயித்துக்கிழமை லைவைப் பாத்தார். கேம் என்னன்னு அவருக்குத் தெரியாது. "நம்ம ஊரு பேரைச் சொல்றாருல்ல?"ன்னு சந்தோஷமா பக்கத்துல வந்து உக்காந்தார். அடுத்த வரியைக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

அண்ணன் அப்புறம் அந்த கேமை ஆடவே இல்ல. நாலஞ்சு வாரம் வாட்ஸ்அப் காலைப் போட்டு வச்சுக்கிட்டு ஆடிப் பாத்தோம். காலும் நிக்கும், ஆட்டமும் பிடிக்காது. ஒருநாள் "சும்மா பேசிக்கிட்டே இருப்போம்டா, கேம் வேணாம்"னார். வாய்ஸ் சாட் வந்தப்ப, ஏப்ரல்ல, நான் மட்டும் உள்ள போய்ப் பாத்தேன். யாரோ என்னமோ பாஷையில பேசிக்கிட்டிருந்தாங்க. இன்னிக்கு அந்த கேம் நல்லா இருக்கலாம். இருக்குன்னே வச்சுக்கங்க. எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கார்த்திகை ராத்திரிக்கு.

அவருக்குத் தனியா மெசேஜ் அனுப்பியிருக்கேன். கேமைப் பத்திச் சொன்ன எதையும் எடுக்க வேண்டாம், அது அவர் கருத்து. "ஆத்தங்குடியில உக்காந்து"ன்னு ஆரம்பிக்கிற அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிருங்கன்னு கேட்டிருக்கேன். அனுப்பி ரெண்டு நாளாச்சு. அவர் இன்னும் திறந்து பாக்கலை. அவரைத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, பாக்கச் சொல்லுங்க.