எல்லாம் கவ்வாத்து இல்லை, பாஸ்டர்

யோவான் 15ஐத் திறந்தால் இலங்கை மலையகத்தில் பிரசங்கம் எங்கே போய் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வேதத்தில் இருப்பது திராட்சைக் கொடி. கனி கொடுக்கிற கொடியைப் பிதா "சுத்தம்பண்ணுகிறார்" என்று தமிழில் போட்டிருக்கிறார்கள். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் திராட்சைத் தோட்டம் கண்டவர் யார்? அதனால் பிதாவின் கையில், தேயிலை மரத்தைக் கத்தரிக்கிற கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்துவிட்டோம். உவமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடன், வருத்தம், புருசனின் குடி, வேலை நின்றது என்று எது வந்தாலும் "கர்த்தர் உன்னைக் கவ்வாத்து வெட்டுகிறார், பொறுத்துக்கொள், துளிர்ப்பாய்" என்று ஒரே மருந்தை எழுதிக்கொடுப்பதுதான் பிரச்சினை.

கீழே பாயில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குக் கவ்வாத்து பிரசங்கியைவிட நன்றாகத் தெரியும். உயர்ந்த மலைகளில் 4, 5 வருசத்துக்கு ஒரு தடவை, கீழ்நாட்டில் 3 வருசத்துக்கு ஒரு தடவை வெட்டுவார்கள். நினைத்த நேரத்தில் வெட்டுவதில்லை. முதலில் கொழுந்து எடுப்பதை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பென்சில் தடிப்பில் ஒரு வேரை வெட்டி அயடீன் தடவிப் பார்க்க வேண்டும். கருநீலமாக மாறினால் வேரில் மாப்பொருள் இருக்கிறது, வெட்டலாம். நிறம் ஏறாவிட்டால் கத்தியை உறையில் போட வேண்டியதுதான். கடும் வெயில் காலத்தில் வெட்டக்கூடாது. பல இடங்களில் இலையோடு ஒன்றிரண்டு கிளையை விட்டுவைப்பார்கள், புதுத்துளிர் வரும்வரை மரம் மூச்சு விடட்டும் என்று. வெட்டு சாய்வாக, பட்டை கிழியாமல் விழ வேண்டும். கிழிந்த இடத்தில் தண்ணீர் தங்கி உள்ளே உளுத்துப்போகும். வெட்டிய குச்சிகளையே மேலே போட்டு வெயிலுக்கு மறைப்பார்கள். அதன்பின் இரண்டு மூன்று மாதத்துக்காவது அந்த மரத்தில் யாரும் கொழுந்து கேட்பதில்லை.

வேரில் மாவில்லாத மரத்தை வெட்டினால் அது துளிர்க்காது, காய்ந்துபோகும். இது தோட்டத்தில் எந்தக் கங்காணிக்கும் தெரிந்த விசயம். ஆனால் சபையில் மட்டும், வெட்டுப்பட்டவர் துளிர்க்காவிட்டால் "விசுவாசக் குறைவு" என்கிறோம்.

கஷ்டம் தானாக யாரையும் வளர்ப்பதில்லை. அதே கஷ்டம் ஒருவரைக் கனியவைக்கிறது, இன்னொருவரைக் கசப்பாக்குகிறது. வெட்டுக்கு முன்னால் வேரில் என்ன சேர்ந்திருந்தது, வெட்டியபின் யார் மேலே நிழல் போட்டார்கள் என்பதில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது. அந்த இரண்டும் சபையின் வேலை.

அடுத்தது, யாருடைய கத்தி என்ற கேள்வி. யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம் சோதனைகளில் சந்தோஷப்படச் சொல்கிறது. அதை எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். அதே நிருபம் 5:4இல், வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளின் கர்த்தருடைய காதில் விழுந்தது என்கிறது. இது தோட்டத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. ஆனாலும் தோட்டத்துப் பிரசங்கத்தில் அபூர்வம். 1854இல் இங்கே தொடங்கிய மிஷனுக்குப் பெயரே தமிழ்க் கூலி மிஷன். கோப்பித் தோட்டத் துரைமாரின் ஆதரவும் பணமும் அதற்குப் பின்னால் இருந்தன. அப்படித் தொடங்கிய இடத்தில் முதல் அதிகாரம் உரக்கவும் ஐந்தாம் அதிகாரம் மெதுவாகவும் வாசிக்கப்பட்டதில் ஆச்சரியமில்லை என்பது என் எண்ணம். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 என்று வர்த்தமானியில் வந்தது. சொன்ன கிலோ வராத நாளில் அரைப்பேர் (அரைநாள் கணக்கு) போட்டால் அந்தக் கணக்கு கைக்கு வராது. அதைக் கர்த்தரின் கவ்வாத்து என்று சொன்னால் கர்த்தர்மேல் பொய் சொல்கிறோம். சம்பளத் துண்டை ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எழுத்துத் தெரிந்த பிள்ளை ஒன்று பேர் எத்தனை, பிடிப்பு எவ்வளவு, சேமலாப நிதிக்குப் போனது எவ்வளவு (சட்டப்படி குறைந்தது தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம்) என்று வாசித்துக் காட்டட்டும். அதுவும் ஊழியம்தான். அடிக்கிற புருசனுக்கும் இதே நியாயம். அடி கவ்வாத்து இல்லை. அந்த அக்காவுக்கு முதலில் தேவை வசனம் இல்லை, 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கம்.

ரோமர் 5இல் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று படிக்கிறோம். பரீட்சை என்றதும் நமக்கு ஓ.எல்., ஏ.எல். ஞாபகம் வருகிறது. கர்த்தர் கேள்வித்தாள் கொடுத்துவிட்டு மேலே நின்று பார்ப்பதுபோல. கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது சோதித்துத் தேறிய தரம், உரைகல்லில் உரசிப் பார்த்த பவுன்போல. வரிசையையும் பாருங்கள். நம்பிக்கை கடைசியில் வருகிறது. சாவு வீட்டில் மூன்றாம் நாளே "நம்பிக்கையாய் இருங்க அக்கா" என்று சொல்வது கவ்வாத்து மலையில் மறுநாளே கொழுந்து கேட்பதற்குச் சமம். யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். பேசத் தொடங்கியபின் நடந்ததற்குத்தான் 42ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுகிறார்.

அப்படியானால் வேரில் மாவு சேர்ப்பது எப்படி? 13ஆம் சங்கீதம் போதும். ஆறே வசனம், இருபது நிமிசம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை வருகிறது. அதை மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள். பிறகு ஒவ்வொருவரும் "எதுவரைக்கும்" என்று தொடங்கி ஒரு வரி தன் வாயால் சொல்லட்டும். யாரும் பதில் சொல்லக்கூடாது, ஆமென் போடக்கூடாது. மூன்றாம் நாலாம் வசனத்தோடு ஒரேயொரு விண்ணப்பம், அதுவும் குறிப்பாக: "பெரியவனின் பள்ளிக்கூடச் செலவு" என்பதுபோல. கடைசி இரண்டு வசனமும் நம்பிக்கை. துக்கத்தில் இருப்பவருக்கு அது வாயில் வராவிட்டால் மற்றவர்கள் அவருக்காக வாசிக்கட்டும். சில கிழமைகளுக்கு அப்படியே போகட்டும், கெடுதி இல்லை. 88ஆம் சங்கீதத்தில் அந்த இரண்டு வசனம்கூட இல்லை, இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதம்தான்.

இது கெடுவதற்கு இரண்டு வழி. யாராவது நடுவில் புத்தி சொல்லத் தொடங்குவது ஒன்று. இரவு சொன்னது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் கேட்பது மற்றது. லயத்தில் ஒரு காம்பராவுக்கும் (வீட்டு அறைக்கும்) அடுத்ததுக்கும் நடுவில் சுவர் எவ்வளவு தடிப்பு என்று தெரியும்தானே. வீட்டுக்குள் நடக்கும் சண்டை, கடன்காரன் பெயர் இதெல்லாம் கூட்டத்தில் வேண்டாம். நம்பிக்கையான ஒருவரோடு மலைக்குப் போகும் வழியில் பேசலாம்.

சாட்சி சொல்ல வைக்கிற அவசரத்தையும் விடுங்கள். தன் சரீரத்தில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி பவுல் கர்த்தரிடம் மூன்று தரம் கேட்டும் முள் போகவில்லை, கிருபைதான் கிடைத்தது. அவர் நம் கூட்டத்தில் கை தூக்கியிருந்தால் "இன்னும் அற்புதம் நடக்கவில்லையா, உட்காருங்க" என்றிருப்போம்.

உபவாசமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு மலையில் ஏறி, முதுகில் கொழுந்து சுமந்து இறங்குகிறவர் மயங்கி விழுவது விசுவாசக் குறைவால் இல்லை. சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர், கர்ப்பிணி, பால் கொடுக்கிற தாய் டொக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை விடவேண்டாம். மற்றவர்களும் வேலையில்லாத நாளை எடுங்கள், தண்ணீரை விடாதீர்கள். ஏசாயா 58 சொல்கிற உபவாசம் பசித்தவனோடு அப்பத்தைப் பங்கிடுவது. ஒரு நேரச் சோற்றை விட்டவர் அந்த அரிசியை அளந்து, வேலைக்குப் போக முடியாமல் கிடக்கிற பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்தனுப்பட்டும். வாசலில் நின்று வசனம் சொல்ல வேண்டாம், அரிசியை மட்டும்.