கிதாரை மேசையில் கிடத்திய ஓவியர்

ஆங்கிலேயக் கிதார் கலைஞர் கீத் ரோவைப் பற்றி யார் எழுதினாலும் "ஜாஸ் கிதாரில் தொடங்கியவர், ஓவியமும் வரைவார்" என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்கள். ஏதோ ஓய்வுநேரப் பொழுதுபோக்கு மாதிரி. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓவியம் படிக்காமல் இருந்திருந்தால் அந்த மனிதர் கிதாரில் செய்த எதையும் செய்திருக்கவே மாட்டார்.

1940இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் பிறந்தவர் ரோ. கலைக் கல்லூரியில் ஓவியம் கற்றார், மைக் வெஸ்ட்புரூக்கின் ஜாஸ் குழுவில் கிதார் வாசித்தார். அன்றைக்கு ஜாஸ் கிதார் என்றால் சார்லி கிறிஸ்டியன், பார்னி கெஸல், வெஸ் மாண்ட்கோமரி. எல்லாரும் அமெரிக்கர்கள். அவர்களின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு அதே வாசிப்பை விரலில் ஏற்றிக்கொண்டால் "பிரமாதம்" என்பார்கள். ஓவிய வகுப்பில் இந்தப் பருப்பு வேகாது. இன்னொருவர் படத்தை அச்சு அசலாக வரைந்துவிட்டு என் படைப்பு என்று நீட்ட முடியுமா? ஓவியத்தில் கூச்சப்பட வேண்டிய காரியம் இசையில் மட்டும் எப்படித் திறமையாகிறது என்ற கேள்வி ரோவை விடவில்லை.

வழி காட்டியது அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியமுறை. 1940களின் பிற்பாதியில் பொல்லாக் கான்வாஸைத் தரையில் விரித்து, அதைச் சுற்றி நடந்தபடி சாயத்தைச் சொட்டவும் வீசவும் தொடங்கினார். ரோ அதைப் பார்த்துக் கிதாரை மேசைமேல் மல்லாக்கக் கிடத்தினார். சின்ன மாற்றமாகத் தெரியலாம். ஆனால் கிதாரை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும்வரை இடது கை தனக்குப் பழக்கமான கார்டுகளை, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகளை, தேடித்தான் போகும். கிடத்தியதும் அந்தக் கைப்பழக்கம் அறுந்துபோகிறது. தந்தி, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், மரம் எல்லாமே வேலை செய்வதற்கான ஒரே பரப்பாகிவிடுகின்றன. அதன்மேல் கத்தி, ஸ்பிரிங், இரும்பு அளவுகோல், சின்ன மின்விசிறி என்று எதையும் வைக்கலாம். சுருதி சேர்ப்பதையும் விட்டுவிட்டார். பக்கத்தில் ஒரு ரேடியோ. அந்த நிமிடம் செய்தி ஓடினால் செய்தி, பாட்டு ஓடினால் பாட்டு, எதுவானாலும் இசைக்குள் வந்துவிடும். 1912இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் படத்தில் காகிதத் துண்டுகளை ஒட்டினார்களே, அந்த வேலையைத்தான் இவர் ஒலியில் செய்தார்.

1965இல் எடி பிரெவோ, லூ கேர் இருவருடன் சேர்ந்து லண்டனில் ஏஎம்எம் (AMM) என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். 1966இல் பதிவான அவர்களின் முதல் இசைத்தட்டுக்கு அட்டைப்படமும் ரோ வரைந்ததுதான். மஞ்சள் நிற லாரி, விளம்பரப் படம் போன்ற பாப் ஆர்ட் பாணி, தட்டையான நிறம், கறாரான விளிம்பு. உள்ளே இருக்கும் இசையிலோ எது கிதார், எது செலோ, எது சாக்ஸபோன் என்றே பிரிக்க முடியாது. படமும் இசையும் ஒன்றுக்கொன்று துளியும் ஒத்துப்போகவில்லை! எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. ஓவியர் வாசிக்கிறார் என்றதும் "ஒலியில் வண்ணங்கள் தெரிகின்றன" என்று உருகுகிறோம். ஓவியத்திலிருந்து ரோ எடுத்துக்கொண்டது வண்ணத்தை அல்ல, வேலை செய்யும் முறையை. எதைக் கருவியாகக் கொள்வது, எங்கே நின்று அதைத் தொடுவது, எதை உள்ளே விடுவது போன்ற முடிவுகளை.

(பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் சிட் பாரெட்டும் ஓவியம் படித்தவர்தான். ரோவின் வாசிப்பு அவரைப் பாதித்தது என்று பலர் சொல்வதுண்டு.)

இது ஜாஸே இல்லை என்று சிலர் கோபப்படுகிறார்கள். ஏஎம்எம்மில் ஜாஸுக்கே உரிய ஸ்விங் என்ற துள்ளும் தாளநடை இல்லை, கார்டு வரிசை இல்லை, ஒருவர் மட்டும் முன்னின்று வாசிக்கும் சோலோவும் இல்லை, உண்மைதான். ஆனால் சார்லி கிறிஸ்டியன் என்ன செய்தார்? தாளத்துக்குத் துணையாகப் பின்னால் இருந்த கிதாரை மின்சாரத்தின் பலத்தில் முன்னால் கொண்டுவந்து, சாக்ஸபோன்போல நீண்ட வரிகளை வாசித்தார். அவர் வாசித்ததை நகலெடுக்கிறவர்களைவிட, அவர் காட்டிய துணிச்சலை எடுத்துக்கொண்ட ரோதான் என் கணக்கில் அவருக்கு நெருங்கிய வாரிசு.

கேட்க விரும்புகிறவர்கள் அந்த 1966 பதிவிலிருந்தே தொடங்குங்கள். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் எரிச்சல் வரும், நிறுத்திவிடாதீர்கள். மெட்டைத் தேட வேண்டாம். ரேடியோக் குரல் எங்கே நுழைகிறது, மற்றவர்கள் அதற்கு எப்படி இடம் விடுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.