ஃபண்டிங் அப்புறம், முதலில் ரொட்டேஷன்

கிருஷ்ணகிரியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். பெங்களூரு கூப்பிடு தூரத்தில் இருப்பதால் நம் ஊர்ப் பையன்களுக்கு ஒரு நினைப்பு: ஸ்டார்ட்அப் என்றால் முதலில் ஃபண்டிங், அதாவது வெளியார் முதலீடு; சரக்கெல்லாம் பிறகு. நான் கேட்பது ஒன்றுதான். ரொட்டேஷன், அதாவது போட்ட காசு எத்தனை நாளில் கைக்குத் திரும்பும்? இதற்குப் பதில் தெரிந்தால், முதலீட்டாளர் வேண்டுமா வேண்டாமா என்பதும் பாதி தெரிந்துவிடும்.

நம்ம ஊர்ச் சரக்கையே பாருங்கள். மாங்கூழுக்கான பெங்களூரா ரக மாம்பழ சீசன் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அதற்குள் பழம் வாங்கி, கூழாக்கி, டின்னில் அடைத்து, வருஷம் முழுக்க விற்கணும். அதுவரை காசு குடோனில் தூங்கும். புளியும் அப்படித்தான். மாசி பங்குனியில் வாங்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, விலை ஏறக் காத்திருக்கணும். வெறும் கைக்காசோடு இதில் இறங்குவது விஷப்பரீட்சை.

ராகி வேறு. நாலு மூட்டை வாங்கி, மில்லில் கூலிக்கு அரைத்து, பாக்கெட் போட்டு, ரொக்கத்துக்குக் கொடுத்தால் அதே காசில் அடுத்த நாலு மூட்டை வாங்கலாம். மெஷினே வேண்டாம். ஆனால் பையன்கள் முதலில் விசாரிப்பது மெஷின் விலையைத்தான்!

ஃபண்டிங் இல்லாமலே எதையும் வளர்க்கலாம் என்பவர்கள் உடனே ஸோஹோவை உதாரணம் காட்டுவார்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்த மென்பொருள் நிறுவனம், சரிதான். மென்பொருளுக்குக் குடோன் கிடையாது, மழையில் நனையவும் நனையாது. அதையும் சேர்த்துச் சொல்லணும் இல்லையா?

அடுத்தது மானியம். 2020-ல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சிறு உணவுத் தொழிலுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது உங்கள் கைக்கு வராது. வங்கியில் மூன்று வருஷம் தனியாக நிற்கும், தவணை ஒழுங்காகக் கட்டி, தொழிலும் ஓடினால்தான் கடனில் கழியும். நம் பங்காகக் குறைந்தது 10 சதவீதம் போடணும். மானியத்தைக் கைமுதல் என்று நினைத்துத் திட்டம் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நகைக்கடனைக் குறை சொல்ல மாட்டேன். சீசனுக்குச் சரக்கு எடுத்து, விற்றதும் மீட்பதற்கு அது நல்ல வழி. மெஷினுக்கு நகையை வைக்காதீர்கள். சீட்டைத் தள்ளி எடுப்பவர்கள் தள்ளிய தொகையையும் வட்டியாகக் கணக்கில் எழுதுங்கள். முக்கால்வாசிப் பேர் எழுதுவதில்லை.

பெரிய கம்பெனிக்கு சப்ளை கிடைத்தால் ஊரே பாராட்டும், ஆனால் பில் பணம் மூன்று மாதம் கழித்து வரும். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருந்தால் 2006-ஆம் வருஷச் சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குள் கொடுத்தாகணும். சட்டத்தைக் காட்டினால் அடுத்த ஆர்டர் வருமா என்பது தனிக் கவலை. அதனால் முதல் ஒரு வருஷம் அட்வான்ஸ் தரும் சின்ன வாடிக்கையாளர்தான் என் கட்சி.

கடைசியாக, வெளியார் காசே வேண்டாம் என்று வீரமாகச் சொல்லிவிட்டு மாமனாரிடம் வாங்குகிறீர்களே, அவரை விடப் பெரிய முதலீட்டாளர் யார்? கடனா பங்கா என்று பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடன் என்றால் வங்கி வழியாகவே வாங்குங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை, மாமனாராக இருந்தாலும்.