கருமணலும் கிளுவை வேலியும்

எங்கள் கல்லூரி செட்டு வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறு ராத்திரி ஒரு படம் வரும். கொங்கு நாட்டில் ஏதோ ஒரு தெரு. எந்த ஊர், எப்படிக் கண்டுபிடித்தோம், இரண்டையும் சொல்ல வேண்டும். கோபுரம், மணிக்கூண்டு, பஸ் ஸ்டாண்டு எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. கடை போர்டில் உள்ள போன் நம்பரையும் மறைத்துவிட வேண்டும். 0421 திருப்பூர், 0422 கோவை, 0424 ஈரோடு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். வண்டி நம்பரை மட்டும் மறைப்பதில்லை. போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் நாமக்கல் லாரியும் போகாத ஊர் ஏது? அதை நம்பி விடை சொன்னவர்கள் எல்லாம் தோற்றிருக்கிறார்கள்.

போன வாரப் படத்தில் ஒரு குறுகலான சந்து. பாதி திறந்த தகரக் கதவு. வாசலில் கலர் கலராகப் பனியன் வேஸ்ட் பிதுங்கும் ஒரு மூட்டை. ஆறு பேர் போட்டி போட்டுக்கொண்டு "திருப்பூர்" என்றோம். நானும்தான். இல்லை, அது கோவையில் கணபதி என்கிற பகுதி!

பனியன் வேஸ்ட் பிறப்பது திருப்பூரில். ஆனால் கிரீஸ் துடைக்க அது போய்ச் சேருமிடம் லேத் பட்டறை. திருப்பூர்ச் சந்தாக இருந்திருந்தால் சுவரில் "ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை" என்று ஒரு தாளாவது ஒட்டியிருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாக்கடை ஓரமாக மைக்கருப்பில் கொஞ்சம் மணல். ஃபவுண்டரி மணல். களிமண்ணும் நிலக்கரித் தூளும் கலந்து அச்சு எடுத்து, உருக்கிய இரும்பை ஊற்றி ஊற்றிக் கருகிப்போன மணல். மோட்டார் பம்பும் கிரைண்டரும் செய்கிற ஊரின் கால்தடம் அது. நான் பள்ளிக்கூடம் போன வழியெல்லாம் அந்த மணல்தான் கிடந்தது. என் செருப்பில் ஒட்டியதை நானே மறந்திருக்கிறேன் என்று அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்னொரு படம். எழுத்தே இல்லாத ஒரு பஸ் நிழற்குடை, பின்னால் முள்வேலி. காங்கயம் பக்கத்துத் தோழி அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டாள், "எங்க ஊருப் பக்கந்தான், கிளுவை வேலி பாரு." கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு இருக்கிற சீமையில்தான் கண்ணுக்கெட்டிய தூரம் கிளுவையை உயிர்வேலியாக வளர்ப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், மேய்கிற மாடு. மூலையில் ஒரு காற்றாலைக் காத்தாடி மேற்கே பார்த்து நின்றது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற காலம், ஆடி மாசமாக இருக்கும் என்று மாசத்தையும் சேர்த்துச் சொன்னாள். சரியாக இருந்தது.

ஊருக்கு அடையாளம் எது என்று கேட்டால் நாம் கோயிலையும் மணிக்கூண்டையும் காட்டுகிறோம். அவை விருந்தாளிக்குக் காட்டுவதற்கு. ஊர்க்காரர் கண்ணுக்கு ஊர் தெரிவது மணலிலும் வேலியிலும் சுவரொட்டியிலும்தான். இதை நான் உறுதியாக நம்புகிறேன். அவைதான் முதலில் காணாமல் போகின்றன. கடை முகப்பையெல்லாம் ஏ.சி.பி. என்கிற பளபள அலுமினிய ஷீட் போட்டு மூடிவிட்டார்கள். அவிநாசி ரோடா, ஈரோட்டுப் பெருந்துறை ரோடா, கரூர்க் கோவை ரோடா என்று இனி யாரால் சொல்ல முடியும்?

உலகம் முழுக்க இந்த ஆட்டத்துக்கு ஜியோகெஸ்ஸர் என்று பெயர், 2013 முதல் ஆடுகிறார்கள். அதற்கு அடிப்படையான, தெருக்களைப் படமாகக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2022-இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது முதல் 10 ஊர்களில் தமிழ்நாட்டுக்குச் சென்னை மட்டும்தான். பிறகு பரவியது, சந்தோஷம். ஆனால் அதற்கு முன்னால் இடிந்ததை எந்தக் காமிரா கொண்டுவந்து தரும்?

என் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் வேலை பார்த்தவர். 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு கோவையில் வரிசையாக மில்கள் எழுந்தன, அவற்றில் ஒன்று. ரம்பப் பல் மாதிரி கூரை. வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வரட்டும் என்று கண்ணாடியெல்லாம் வடக்கே பார்த்திருக்கும். அதனால் மில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே எனக்குத் திசை தெரியும். சங்கு ஊதினால் மணி தெரியும். மில்லை மூடினார்கள், லைன் வீடுகளையும் இடித்தார்கள். எங்களிடம் மிஞ்சியது மாமா கல்யாணப் படம் ஒன்றுதான். மாலையோடு நிற்கிறவர்களுக்குப் பின்னால் இரண்டு படியும் பச்சைக் கதவில் பாதியும். மீதிக் கதவு எங்கள் யாரிடமும் இல்லை.

அதனால் கேட்கிறேன். நாளைக்கு வேலைக்குப் போகிற வழியில் ஒரு படம் எடுங்கள். சீமை ஓட்டு வீடு, பூட்டிக் கிடக்கிற ரேஷன் கடை, தறிக்குடோன் சுவர், எதுவானாலும் சரி. தெருப் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரம் அழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

நேற்று சிங்காநல்லூர்ப் பக்கம் லைன் வீட்டுச் சந்து ஒன்றைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குக் கண்ணு புடிக்கற?"

"இடிச்சுப்போட்டா இல்லாம போயிருமுங்க ஆத்தா, அதான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படின்னா இந்தப் பக்கம் வா. தண்ணிக் குழாய் இங்கதான் இருந்துச்சு, அதையும் எடுத்துக்க" என்று கூட்டிக்கொண்டு போனார். சுவரில் காரை பூசி அடைத்த ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.