ஊசிக்கு முந்திய பயம்

பரிசோதனைக்கு முன் போடும் மயக்க மருந்தில் நோயாளியின் பயமும் மறந்துபோகும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. மிடசோலம் போன்ற மயக்க மருந்து, ஊசி போட்ட பிறகு நடப்பதைத்தான் பதியவிடாது; முன்பே பதிந்ததை அழிக்காது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் வெட்டிய என் அம்மாவுக்குக் குடலில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். உள்ளே நடந்தது எதுவும் ஞாபகமில்லை. ஆனால் வெளியே தள்ளுகட்டிலில் தனியாகக் காத்துக்கிடந்த பயம் அப்படியே இருக்கிறது. இன்றும் கிளினிக் வாசனை பட்டாலே கை நடுங்குகிறது.

அதோடு, நடந்தது மறந்தாலும் அதன் பயம் போய்விடாது. கிளாபரேட் என்ற சுவிஸ் உளவியலாளர் 1911-இல் எழுதியது இது: தன் கைக்குள் குண்டூசியை மறைத்துக்கொண்டு, மறதி நோயாளி ஒருவரின் கையைக் குலுக்கினார். குத்தியது நோயாளிக்கு நினைவில்லை, ஆனாலும் மறுபடி கை கொடுக்கவில்லை.

தாதிமார்களே, ஊசிக்கு முன்னால் பக்கத்தில் நின்று தமிழிலோ மலாயிலோ நாலு வார்த்தை பேசுங்கள்.